பெயர் சொல்லாமல் வாங்கியது

கடை வாசலில் நின்று அம்மா கண்களை மூடிக்கொள்வாள். யாருக்கு வாங்க வேண்டுமோ அவர் பெயரை மெல்லச் சொல்வாள். பிறகு கண்ணைத் திறந்து, பார்வை எதன் மேல் போய் நிற்கிறதோ அதைக் கையில் எடுப்பாள். எடுத்ததைத் திருப்பி வைத்து நான் பார்த்ததில்லை.

ஹஜ் முடிந்து மக்காவில் மிச்சமிருந்த நாட்களில் எங்கள் சராபா இப்படித்தான் சேர்ந்தது. பயணம் போனவர் ஊருக்குக் கொண்டுவரும் பொருளுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். சராபா இல்லாமல் எங்கள் ஊரான ஃபுந்துவாவில் யாரும் வாசல் மிதிக்க முடியாது. சந்தைக்குப் போய்வருகிறவளின் கையையே பிள்ளைகள் பிரித்துப் பார்ப்பார்கள். மக்காவுக்குப் போனவளுக்காக ஒரு தெருவே காத்திருக்கும்.

எங்களோடு வந்த பெண்கள் தொப்பியையும் மணிமாலையையும் கட்டுக் கட்டாக அள்ளினார்கள். அம்மா ஒவ்வொருவருக்காக யோசித்தாள். எங்கள் சந்து முனையில் பயறு வடை சுடும் லாரைக்கு அத்தர். வெள்ளிக்கிழமையாவது அவள் மேல் புகை வாசம் வராமல் இருக்கட்டும் என்றாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பார்வையில்லாத மோதினாருக்கு, தடவினாலே எண்ணிக்கை தெரியும்படி நடுநடுவே வரிபோட்ட மணி வைத்த தஸ்பீஹ். மருத்துவச்சிக்கு நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, பிரசவம் பார்க்க இரண்டு கையும் வேண்டுமே என்று. டேலு அத்தைக்கு ஊதா நிறச் சால்வை.

மகளான நான் பைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். நான் காத்திருந்த பெயர் வரவில்லை. அது வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் கண்ணை மூடும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்வேன்.

தனிமு அண்ணன் அம்மாவின் முதல் பிள்ளை. முதல் பிள்ளையை எங்கள் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மடியில் போட்டுக் கொஞ்ச மாட்டார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். அந்தக் கூச்சம் இல்லாதவளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். பால் மறந்ததும் அண்ணனை அப்பாவின் தங்கை டேலு அத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் வீடு அடுத்த தெருதான். அவனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அம்மா “டேலு வீட்டுப் பிள்ளை” என்பாள்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஆனால் மற்ற வீடுகளில் இந்த வழக்கத்துக்கு ஒரு பின்கதவு இருக்கும். அடுப்படி மூலையில் ஒரு துண்டு இறைச்சி மூடிவைக்கப்பட்டிருக்கும்; மூத்தவன் வந்து யாரையும் கேட்காமல் எடுத்துத் தின்பான். எங்கள் அம்மா பின்கதவையும் சாத்தியே வைத்திருந்தாள். அவளுக்கு வெட்கமா, அல்லது வெட்கம் என்ற பெயரில் உள்ளே ஒன்றுமே இல்லையா என்று பிள்ளைகளான எங்களுக்கே தெரியவில்லை.

அப்பா விட்டுப்போன பருத்தி வயலை விற்றுத்தான் நாங்கள் ஹஜ்ஜுக்குப் போனோம். தன் பங்கையும் சேர்த்து விற்கச் சொன்னவன் தனிமு அண்ணன். அம்மாவின் முழங்காலுக்குத் துணையாக நான் போக வேண்டும் என்று சொன்னவனும் அவன்தான். அவன் லாரி ஓட்டுகிறான். எங்கள் பக்கத்து வெங்காயத்தையும் மிளகாயையும் லாகோஸுக்குக் கொண்டுபோவான். அங்கே ஒரு வியாபாரி அவனுக்கு வீடு கொடுத்து, அந்த ஊருக்குள்ளேயே ஓட்டும் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார். போனால் அவன் பெருநாளைக்குக்கூட வர மாட்டான் என்று டேலு அத்தை அழுதாள்.

நாங்கள் புறப்படுவதற்கு முன் அண்ணன் என்னை லாரியின் மறுபக்கத்துக்குக் கூப்பிட்டான். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“நீ எனக்கு ஒண்ணும் வாங்காதே அஸபே. நீயா வாங்கி, அம்மா குடுத்தாங்கன்னு சொல்லவும் கூடாது. எனக்குன்னு அவங்க கண்ணு எதையாவது பாத்துச்சா இல்லையா, அத மட்டும் வந்து சொல்லு.”

பார்க்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“லாகோஸ்லயே இருந்துக்குவேன். அங்க எனக்கு அம்மா கிடையாது. அதனால எதையும் எதிர்பாக்க வேண்டியதில்ல.”

நான் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலைச் சுமந்துகொண்டுதான் மக்காவின் கடைத்தெருக்களில் நடந்தேன். ஆண்களுக்கான செருப்புக் கடையை அம்மா தாண்டிப்போனால் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கைக்கடிகாரக் கடையில் நின்றால் அவள் உதட்டையே கவனிப்பேன். அவள் கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கும், கண்ணுக்கிடும் சுர்மாவை எடுப்பாள். நானே ஒரு தொப்பியை வாங்கி அடியில் போட்டுவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். ஆனால் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான்.

ஜித்தாவுக்குப் புறப்பட வேண்டிய நாளின் காலையில் அம்மா என்னை எழுப்பி, டாக்சிகள் நிற்கும் தெருவுக்குப் போக வேண்டும் என்றாள். அங்கே அத்தரும் கிடையாது, துணியும் கிடையாது. டயர், கண்ணாடி, ஹாரன் விற்கும் கடைகள். வழி தவறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். முதல் கடையில் ஏறி இறங்கினாள். இரண்டாவதிலும் இறங்கினாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது கடை வாசலில் நின்று கண்ணை மூடினாள்.

“டேலு,” என்றாள்.

டேலு அத்தைக்குச் சால்வை முன்பே வாங்கியாகிவிட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்ணைத் திறந்து நேராக ஒரு பொருளிடம் போனாள். மரமணிகளை நெருக்கமாகக் கோத்துச் செய்த சீட் விரிப்பு. தூர வண்டி ஓட்டுகிறவர்கள் வேர்க்காமல் இருக்க முதுகுக்குப் போட்டுக்கொள்வது. கடைக்காரர் வங்காளி, எங்களைப் போன்றவர்களோடு பேசிப் பேசி எங்கள் மொழியிலேயே பேரம் பேசினார். அம்மா அதை ஒரு நாற்காலியில் விரிக்கச் சொன்னாள். இடுப்பு வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு தானே உட்கார்ந்து பார்த்தாள்.

அத்தைக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

“வயசாகுதில்ல. நாள் பூரா உக்காந்திருந்தா முதுகு வலிக்காதா?”

டேலு அத்தை நாள் முழுக்க உட்கார்கிறவள் அல்ல. கடலை எண்ணெய்ப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவள். அவள் வீட்டில் நாற்காலியே கிடையாது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விலை கேட்டாள்.

எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த விரிப்பை நான்தான் சுமந்தேன். மணிகள் தோளில் உருண்டன. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அத்தைக்கு வாங்கினாள் என்றா? அத்தைக்கு என்று சொல்லி வாங்கினாள் என்றா? ஊருக்குப் போய், அத்தை கையில் கொடுத்து, அத்தை வழியாக லாரியில் ஏறிவிட்டால் எனக்குப் பேசும் வேலையே இருக்காது. அது ஊர்வரைக்கும் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இறைவனிடம் துஆ செய்துகொண்டேன்.

ஜித்தா விமான நிலையத்தில் எங்கள் குழு மொத்தமும் ஒரே மாதிரித் துணியில் வரிசையாக நின்றது. ஒவ்வொரு பெட்டியாகத் தராசில் ஏறியது. எங்கள் பெட்டிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அனுமதித்ததைவிட எடை கூடுதல். குறைத்தால்தான் ஏற்றுவார்கள் என்று குழுத் தலைவர் அவசரப்படுத்தினார். அம்மா தரையில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்தாள்.

பின்னால் நின்றவள் ஹாஜியா மெய்ரோ. எங்கள் தெருக்காரி. ஒரு வீட்டில் என்ன குழம்பு என்பது சமைக்கிறவளுக்கு முன்னால் மெய்ரோவுக்குத் தெரியும். மக்காவில் கட்டிக்கொண்ட தங்கப்பல் வெளியே தெரியும்படி குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். பேரீச்சம்பழத்தைத் தொடாதே, அதை ஊரே கேட்கும் என்றாள். துணியில் எடை இல்லை என்றாள். பிறகு விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

“இது யாருக்கு, தபாவா?” என்று அம்மாவைக் கேட்டாள்.

“டேலுவுக்கு.”

“டேலுவுக்கா! அவ பாயில உக்காந்தாலே நாலு தடவ எழுந்து ஓடுவா. அவளுக்கு எதுக்குடி சீட்டு? இது லாரிக்காரங்க போடுறதாச்சே.”

சொல்லிவிட்டு மெய்ரோ நிறுத்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தங்கப்பல் மெல்ல மெல்ல வெளியே வந்தது. சுற்றியிருந்த பெண்களும் திரும்பினார்கள். விரிப்பு பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். விமானம் இறங்குவதற்குள் அது கதையாகிவிடும்: தபாவா தன் மூத்த மகனுக்காக ஊர் சனங்களின் பேரீச்சம்பழத்தை ஜித்தாவில் கொட்டிவிட்டு வந்தாள்.

நான் என் செருப்பையும் என் புதுத் துணியையும் எடுத்து வெளியே வைத்தேன். தராசில் ஏற்றிப் பார்த்தும் சிவப்பு விளக்கு அணையவில்லை. வேறு எதையாவது எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இத்தனை பேர் முன்னால் நான் வாழ்நாளில் பேசியதில்லை.

அம்மா தன் கையாலேயே விரிப்பை உருவி எடுத்தாள்.

“என்னமோ, தெரியாம எடுத்துட்டேன் போல,” என்றாள்.

அதை ஒரு தூணில் சாய்த்து வைத்துவிட்டு வரிசையில் நகர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தரை துடைக்கும் ஒருவர் அதைத் தூக்கி மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

விமானத்தில் கொடுத்த சோற்றை அம்மா பிரிக்கவே இல்லை. முழங்கால் வலியா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஆனால் கையில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லாமல் அண்ணனிடம் போய், அவள் வாங்கினாள் என்று சொன்னால், சொல்லக் கூடாது என்று அவன் தடுத்த பொய்யைப் போலவேதான் அது இருக்கும்.

வீட்டில் நாளெல்லாம் கூட்டம். வந்தவர்கள் ஜம்ஜம் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து, தங்களுக்கானதை வாங்கிக்கொண்டு, துஆ செய்துவிட்டுப் போனார்கள். லாரை அத்தரை முகர்ந்து கண் கலங்கினாள். டேலு அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு அவிழ்க்கவே இல்லை. அண்ணன் லாகோஸில் இருந்தான். தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன்.

நாலாம் நாள் காலையில் வந்தான். வெங்காய மூட்டைகள் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மறுபடி புறப்படத் தயாராகவே வந்திருந்தான். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் அவனுடைய தகரப் பெட்டியும் சுருட்டிய மெத்தையும் இருந்ததைப் பார்த்தேன். ஒரு நடைக்குப் போகிறவன் மெத்தையைக் கொண்டுபோக மாட்டான்.

முற்றத்தின் ஓரத்தில் குந்தி, தரையைப் பார்த்தபடி அம்மாவுக்கு சலாம் சொன்னான். ஹஜ் ஏற்கப்படட்டும் என்றான். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, முக்காட்டுக்குள்ளிருந்து ஆமீன் என்றாள். அவ்வளவுதான். கூடியிருந்த பெண்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாம் முறைப்படி இருந்தது.

அவன் எழுந்து வாசல் அறைக்கு வந்தான். நான் அங்கே நின்றிருந்தேன்.

“சொல்லு,” என்றான்.

நான் டாக்சித் தெருவைச் சொன்னேன். மூன்று கடையைச் சொன்னேன். மரமணி விரிப்பையும், அவள் அழுத்திப் பார்த்ததையும் சொன்னேன். அவன் கண் கொஞ்சம் விரிந்தது. எங்கே அது என்றான். ஜித்தாவில் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னேன்.

அவன் சிரித்துவிட்டான்.

“நல்லா இருக்கு. வடைக்காரிக்கு வந்துருச்சு, மோதினாருக்கு வந்துருச்சு. என்னோடது மட்டும் ஜித்தாவுல தூணுல சாஞ்சு நிக்குதா? யாரு அழுதாலும் உனக்குத் தாங்காது. சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். பரவால்ல விடு.”

சத்தியமாக என்றேன். சத்தியம் வேண்டாம், மக்காவுக்குப் போய்விட்டு வந்தவள் சத்தியத்தை வீணாக்காதே என்றான். மத்தியானத் தொழுகை முடிந்ததும் கிளம்புகிறேன், டேலு அத்தையைப் பார்த்துக்கொள் என்றான்.

முற்றத்தில் மெய்ரோ வந்து உட்கார்ந்திருந்தாள். தங்கப்பல்லைப் பற்றி லாரை ஏதோ கேட்க, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் முற்றத்துக்குப் போனேன். நான் செய்யப்போவது அம்மாவை ஊர் நடுவே நிறுத்துவது. அவள் அதைச் சிரித்து ஒதுக்கிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். அவன் காதாலேயே அதைக் கேட்டுவிடுவான்.

“ஹாஜியா மெய்ரோ,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “ஏர்போர்ட்டுல பெட்டியைத் திறந்த கதையைச் சொல்லுங்களேன்.”

பேசாத பெண் பேசியதில் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா பேரீச்சம்பழத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. மெய்ரோவுக்கு வேறு அழைப்பு தேவையில்லை. தராசில் தொடங்கினாள். குழுத் தலைவரைப் போல் பேசிக்காட்டினாள். விரிப்பை இழுத்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டாள்.

“யாருக்குன்னு கேக்குறேன், டேலுவுக்காம்! லாரி சீட்டு, நம்ம டேலுவுக்கு!”

பெண்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். டேலு அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சால்வை முனையைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தாள்.

“எனக்கா அண்ணி?” என்றாள்.

வாசல் அறைக்குள் காலடி நின்றது எனக்குக் கேட்டது. அம்மா தலையை நிமிர்த்தவில்லை. கட்டிய பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்டினாள்.

“உனக்குத்தான். வேற யாருக்கு?” என்றாள். “உன் லாரிக்குத்தான் வாங்கினேன்.”

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. மெய்ரோ நின்றவாறே இருந்தாள்.

“அதானே,” என்றாள் டேலு அத்தை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “ராப்பகலா ஓட்டி என் முதுகே போச்சு. நல்லதா பாத்து வாங்கினீங்களா?”

“மூணு கடை ஏறினேன் டேலு. மொதக் கடையில மணி சின்னது, குத்தும். அடுத்ததுல நைலான் நூலு, இஞ்சின் சூட்டுல இளகிடும். மூணாவதுதான் சரியா இருந்துச்சு. இடுப்புகிட்ட மணி பெருசா, கெட்டியா.” அம்மாவின் குரல் கீழே போனது. “நாலு பேருக்கு நடுவுல கேட்டுட்டாங்க. வெக்கத்துல விட்டுட்டு வந்துட்டேன். அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.”

“உனக்கு எப்போடி வந்துச்சு லாரி?” என்று கேட்டாள் மெய்ரோ. அவள் குரலில் பாதிக் கேலிதான் மிச்சமிருந்தது.

“அது இருக்கு முப்பது வருஷமா. நீதான் கவனிக்கல,” என்றாள் டேலு அத்தை.

லாரை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அம்மா இன்னும் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு எப்போ கிளம்புது உன் லாரி?” என்று கேட்டாள்.

“லுஹர் தொழுகை முடிஞ்சதும்னு பேச்சு.”

“வேணாம்னு சொல்லு. அந்த நேரத்துல ரோடு கொதிக்கும், டயர் தாங்காது. வெயில் தாழ்ந்து போனாப் போதும். சாப்பிட்டுட்டு.”

“சொல்றேன் அண்ணி,” என்றாள் டேலு அத்தை. வாசல் அறைப் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

நான் உள்ளே போனேன். அண்ணன் சுவரில் கைவைத்து நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“என்ன கலர்?” என்றான்.

பேரீச்சங்கொட்டை நிறம் என்றேன். ஓரத்தில் கறுப்பு மணி. அவன் தலையாட்டினான். லாகோஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்கு இறங்கிப் போய்விட்டான்.

முற்றத்துக்குத் திரும்பியபோது லாரி உறுமும் சத்தம் கேட்டது. அம்மாவின் கையில் நூல் இருந்தது. அதைப் பல்லால் கடித்தவள் கடித்தபடியே இருந்தாள். சத்தம் தெருமுனைக்குப் போனது. அங்கேயிருந்து இடப்பக்கம் திரும்பினால் லாகோஸ் சாலை. சத்தம் கொஞ்சம் தேய்ந்தது, பிறகு பெரிதாகியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சுவர் பக்கம் வந்தது. அங்கேதான் வேப்பமரம் நிழல் கட்டி நிற்கும். இஞ்சின் ஒருமுறை இருமி அணைந்தது.

அம்மா நூலை அறுத்தாள்.

“அஸபே, தயிர்ல ஃபுரா கரைச்சு டேலு வீட்டுப் பிள்ளைக்குக் குடு,” என்றாள். “கம்பு உருண்டை ரெண்டா போடு. அவனுக்குக் கெட்டியா இருந்தாத்தான் பிடிக்கும்.”